சந்தேகப்படக் கற்றுக்கொண்ட கணிப்பொறி

பணம் இருந்தும் ஒருவரால் அதைச் செலவழிக்க முடியாமற் போகுமா? போகும். கணக்கில் பணம் இருக்கிறது. கார்டு சட்டைப் பையில் இருக்கிறது. அதன் நான்கு இலக்க இரகசிய எண்ணும் நினைவில் இருக்கிறது. ஆயினும் கடைக்காரரின் கையிலுள்ள கருவி 'மறுக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். கணக்கில் பணம் இல்லை என்று எண்ணுவார்களோ என்று மனம் குன்றிப் போகிறது.

சென்னைக்கு மேற்கே அயனம்பாக்கத்தில் குடியிருந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார். மாலையில் மளிகை வாங்குகிறார். ஜூன் மாதத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம். தை மாதத்தில் தங்கையின் திருமணத்திற்கு நகை. இவற்றில் எதுவும் குற்றமன்று. ஆனால் இவற்றில் எந்தச் செலவின்போதும் அவருடைய கார்டு நின்றுபோகக் கூடும். அவருக்கு உள்ளது ஒரே கணக்கு, ஒரே கார்டு. மருத்துவமனையில் பணம் கட்டும் வேளையில் அது நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்தக் கவலை வீண் கவலை அன்று.

நம்மை அறியாத ஓர் இயந்திரம் நம்மைச் சந்தேகிக்க எங்கே கற்றுக்கொண்டது? அதன் வரலாற்றையும், அதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

முகம் அறிந்த காலம்

கடன் கொடுப்பவர் சந்தேகப்படுவது புதிதன்று. தெருமுனை மளிகைக் கடையில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். அண்ணாச்சி யாருக்குப் பற்று எழுதலாம், யாருக்குக் கூடாது என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். எங்கே வேலை, எந்தத் தேதியில் சம்பளம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தவறாகச் சந்தேகப்பட்டால் வாடிக்கையாளர் அங்கேயே நின்று கேட்டுவிடலாம். பதிலும் உடனே கிடைக்கும்.

தொலைதூர வணிகத்திலும் இதே முறைதான் இருந்தது. இந்திய வணிகர்கள் பயன்படுத்திய உண்டியல்களில் 'ஷா ஜோக்' என்று ஒரு வகை உண்டு. ஊரில் மதிப்புள்ள வணிகர் ஒருவர் கொண்டு வந்து காட்டினால் மட்டுமே அதற்குப் பணம் கிடைக்கும். வழியில் திருடியவன் அதைக் காட்டிப் பணம் பெற முடியாது. காகிதத்தைக் காப்பாற்றியது பூட்டு அன்று, அதைக் கொண்டு வருபவரின் முகம்.

முகம் அறியாத கார்டு

1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஃபிராங்க் மக்னமாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'டைனர்ஸ் கிளப்' என்ற அமைப்பைத் தொடங்கினர். உறுப்பினர்களுக்கு ஓர் அட்டை தரப்பட்டது. குறிப்பிட்ட உணவகங்களில் அதைக் காட்டிச் சாப்பிட்டுவிட்டு, மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கட்டலாம். முன்பின் தெரியாத ஒருவரைக் கடைக்காரர் நம்புவதற்கு இப்போது ஒரு மூன்றாம் ஆள் பொறுப்பேற்றுக்கொண்டார்.

இந்த முறையைப் பேரளவில் சோதித்தது 'பேங்க் ஆஃப் அமெரிக்கா'. 1958 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 கார்டுகளை அந்த வங்கி தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, கேட்காமலேயே வந்தன. தபால் பெட்டியிலிருந்து கார்டைத் திருடியவர்களுக்கு அது திருவிழாவாயிற்று. கடனைக் கட்டாதோரும் பலர். வங்கிக்குப் பல இலட்சம் டாலர் இழப்பு ஏற்பட்டது. இந்தக் கார்டுதான் பல மாற்றங்களுக்குப் பின் 1976இல் 'விசா' என்று பெயர் பெற்றது.

அக்காலத்தில் கடைக்காரர் திருட்டுக் கார்டைக் கண்டுபிடித்தது எப்படி? காணாமற்போன கார்டுகளின் எண்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கார்டு நேற்றுத் திருடப்பட்டு, புத்தகம் போன வாரம் அச்சாகியிருந்தால் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட வியாபாரத்திற்குத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த எல்லையைத் திருடர்கள் விரைவில் தெரிந்துகொண்டு, அதற்குச் சற்றுக் குறைவாகவே பொருள் வாங்கினார்கள்.

இழப்பு யாருக்கு?

இவ்வரலாற்றின் திருப்புமுனை ஒரு சட்டம். 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. கேட்காதவருக்குக் கடன் கார்டு அனுப்பக் கூடாது என்பது ஒன்று. கார்டு திருட்டுப் போனால் உரியவரின் பொறுப்பு 50 டாலருக்கு மேற்படாது என்பது மற்றொன்று.

இரண்டாவது விதியின் விளைவை எண்ணிப் பாருங்கள். திருட்டின் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழுந்தவரை, வங்கி தூங்கினாலும் அதற்குக் கேடில்லை. இழப்பு வங்கியின் தலையில் விழுந்ததும் அதற்குத் தூக்கம் கெட்டது. ஒவ்வொரு செலவையும் கவனித்துப் பார்க்கும் வேகம் வந்தது. இன்று நம்மை எரிச்சலூட்டும் சந்தேகம், நம்மைக் காக்க வந்த ஒரு சட்டத்தின் பிள்ளை எனலாம்.

எண்ணுக்குள் ஒரு காவலாளி

கார்டிலுள்ள எண்ணே ஒரு சிறு சோதனையைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1960இல் அது கிடைத்தது.

162453 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலது கோடியிலுள்ள 3 காவல் இலக்கம். அதை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்போம். 5 என்பது 10 ஆகும், 2 என்பது 4 ஆகும், 1 என்பது 2 ஆகும். இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், எனவே 10 என்பது 1 ஆகிறது. இரட்டிக்காதவை 4, 6. இப்போது எல்லாவற்றையும் கூட்டினால் 1 + 4 + 4 + 6 + 2 = 17. காவல் இலக்கம் 3ஐச் சேர்த்தால் 20. இது 10ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே எண் சரியானது.

ஒருவர் கைதவறி 2ஐயும் 4ஐயும் இடம் மாற்றி 164253 என்று எழுதிவிட்டால்? கூட்டுத்தொகை 22 ஆகிவிடும், தவறு உடனே தெரியும். மாணவர்கள் தங்கள் வீட்டிலுள்ள கார்டின் 16 இலக்கங்களையும் இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணைப் பிறருக்குக் காட்ட வேண்டாம்.

இந்தக் காவலாளி எழுத்துப் பிழையைத்தான் பிடிப்பார், திருடனைப் பிடிக்க மாட்டார். திருடிய கார்டின் எண்ணும் சரியான எண்தானே!

காந்தப் பட்டை

1960களில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, ஒலிநாடா போன்ற காந்த நாடாவை ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட முயன்றார். எந்தப் பசையும் ஒத்துவரவில்லை. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டிப் பார்க்கச் சொன்னாராம். அது பலித்தது என்பது அந்நிறுவனம் சொல்லும் கதை.

அந்தப் பட்டையில் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் இருக்கின்றன. அவற்றின் வட, தென் துருவங்கள் மாறி மாறி அமைவதில்தான் கார்டு எண் எழுதப்பட்டிருக்கிறது. பட்டையைக் கருவியில் தேய்க்கும்போது மாறும் காந்தப்புலம் சிறு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பள்ளியில் படிக்கும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியே இது. கார்டை வேகமாகத் தேய்க்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

1973இல் டீ ஹாக் என்பவரின் தலைமையில், பின்னாளில் விசா ஆன நிறுவனம், அனுமதி கேட்கும் வேலையைக் கணிப்பொறி வலையமைப்பிடம் ஒப்படைத்தது. தொலைபேசியில் பல நிமிடங்கள் பிடித்த வேலை ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. அச்சிட்ட புத்தகம் மறையத் தொடங்கியது. அத்துடன் இன்னொன்றும் நிகழ்ந்தது. யார், எங்கே, எப்போது, எவ்வளவு செலவழித்தார் என்ற விவரம் முழுவதும் ஓரிடத்தில் சேரலாயிற்று. அண்ணாச்சியின் நோட்டு மீண்டும் வந்துவிட்டது. ஆனால் இம்முறை நோட்டு வைத்திருப்பவருக்கு நம் முகம் தெரியாது.

ராடார் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையின் முன் அமர்ந்திருந்தவருக்கு ஓர் இக்கட்டு இருந்தது. திரையில் ஒரு புள்ளி தெரிகிறது. அது பகை விமானமா, பறவைக் கூட்டமா, வெறும் மின் இரைச்சலா? சிறு புள்ளிக்கெல்லாம் அபாயச் சங்கு ஊதினால் ஊரே உறங்க முடியாது. பெரிய புள்ளிக்கு மட்டும் ஊதினால் சில விமானங்கள் தப்பி வந்து குண்டு போடும். எந்த அளவுக்கு மேல் ஊதுவது என்று ஒரு வாசல் அளவை வைக்க வேண்டும். அதைத் தாழ்த்தினால் பொய் எச்சரிக்கை கூடும், உயர்த்தினால் தவறவிடுதல் கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க வேண்டுமானால் கருவியையே மேம்படுத்த வேண்டும். இந்தச் சிந்தனையிலிருந்து பின்னர் ஒரு தனி அறிவியல் துறையே வளர்ந்தது.

வங்கியின் இக்கட்டும் இதுவே. 1986இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராபர்ட் ஹெக்ட்-நீல்சன் என்பவரும் டாட் குட்சோ என்பவரும் எச்.என்.சி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். மூளையின் நரம்பணுக்கள் இணைந்திருப்பதை ஒட்டி அமைத்த 'நரம்பு வலை' என்னும் கணிப்பு முறையில் அவர்கள் வல்லவர்கள். 1992இல் 'ஃபால்கன்' என்ற மென்பொருளை வெளியிட்டனர். முன்பு நடந்த நேர்மையான செலவுகளையும் திருட்டுச் செலவுகளையும் இலட்சக்கணக்கில் அதற்குக் காட்டிப் பழக்கினார்கள். அதன்பின், புதிதாக வரும் ஒவ்வொரு செலவுக்கும் அது 1 முதல் 999 வரை ஒரு சந்தேக மதிப்பெண் இடும். வங்கி வைத்த வாசல் அளவை மதிப்பெண் தாண்டினால் செலவு நிறுத்தப்படும், அல்லது கார்டே முடக்கப்படும். இன்று வங்கிகள் பயன்படுத்தும் கண்காணிப்பு முறைகள் பலவும் இவ்வழியில் வந்தவையே.

நல்லவர்கள் ஏன் அதிகம் சிக்குகிறார்கள்?

இப்போது கட்டுரையின் நடுவிலுள்ள கணக்குக்கு வருவோம். எளிமைக்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

ஒரு வங்கியில் ஒரு நாளில் 10,00,000 செலவுகள் நடக்கின்றன. அவற்றில் 10,000க்கு ஒன்று திருட்டு. அப்படியானால் திருட்டுகள் 100, நேர்மையானவை 9,99,900. கணிப்பொறி மிகக் கெட்டிக்காரக் கணிப்பொறி. 100 திருட்டில் 90ஐப் பிடித்துவிடும். நேர்மையான செலவுகளில் 100க்கு ஒன்றை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும். 'இவ்வளவு துல்லியமா!' என்று வியக்கத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் 9,99,900இல் நூற்றுக்கு ஒன்று என்றால் 9,999. ஆகவே அன்று நிறுத்தப்பட்ட செலவுகள் 90 + 9,999 = 10,089. இவற்றில் உண்மையான திருட்டு 90 மட்டுமே. ஒரு திருடனைப் பிடிக்க 111 நல்லவர்கள் நிறுத்தப்படுகிறார்கள்.

சரி, வாசல் அளவை உயர்த்துவோம். இப்போது ஆயிரத்துக்கு ஒரு நல்லவரைத்தான் தவறாக நிறுத்துகிறது. அதற்கு விலையாகத் திருட்டில் 70ஐத்தான் பிடிக்கிறது. சிக்கிய நல்லவர்கள் சுமார் 1,000, தப்பிய திருடர்கள் 30. இப்போதும் ஒரு திருடனுக்கு 14 நல்லவர்கள் சிக்குகிறார்கள்.

இது மென்பொருளின் மடமை அன்று. அரிதாக நிகழும் ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்த விதி உண்டு. இதற்கு அடிப்படையான நிகழ்தகவுத் தேற்றத்தை எழுதியவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் இறந்தபின் 1763இல் அது வெளியாயிற்று. அரிய நோய்க்கான இரத்தப் பரிசோதனையில் 'நோய் உண்டு' என்று வந்தவர்களில் பலருக்கு நோய் இல்லாதிருப்பதும் இதே காரணத்தால்தான். மருத்துவர் என்ன செய்கிறார்? முதல் சோதனையை வைத்தே அறுவை செய்வதில்லை, இரண்டாம் சோதனை கேட்கிறார்.

ஆகவே கார்டு நிறுத்தப்பட்டவர் குறுகிப் போக வேண்டியதில்லை. அது அவருடைய நடத்தைக்குக் கிடைத்த தீர்ப்பு அன்று. அரிய திருடனைத் தேடும் வலையில் அவரும் சிக்கினார், அவ்வளவே.

ஒலியை மிஞ்சும் வாடிக்கையாளர்

கணிப்பொறி எதைக் கண்டு சந்தேகிக்கிறது? இயற்பியல் மாணவருக்கு எளிதில் விளங்கும் சோதனை ஒன்று உண்டு. காலை 10 மணிக்கு அயனம்பாக்கத்தில் ஒரு கார்டு தேய்க்கப்படுகிறது. 10.40க்கு அதே கார்டு டில்லியில் தேய்க்கப்படுகிறது. வான்வழித் தொலைவு சுமார் 1,760 கிலோமீட்டர். 40 நிமிடத்தில் அதைக் கடக்க மணிக்கு 2,640 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இது காற்றில் ஒலியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கார்டுக்கு நகல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கணிப்பொறி முடிவு கட்டுகிறது. பெரும்பாலும் அது சரி. ஆனால் 10.40க்கு அவர் வீட்டிலிருந்தபடியே டில்லியில் பதிவான ஒரு நிறுவனத்திடம் கைப்பேசி வழியாகப் பொருள் வாங்கியிருந்தால்? கடையின் முகவரியை மனிதனின் இருப்பிடம் என்று எண்ணியது பிழையாகிறது.

செலவின் அளவு இன்னொரு தடயம். ஐந்து நாள் செலவு 400, 600, 500, 450, 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 500. திட்ட விலக்கம் சுமார் 71. ஆறாம் நாள் பள்ளிக் கட்டணம் 25,000 ரூபாய். இது சராசரியிலிருந்து சுமார் 345 திட்ட விலக்கங்கள் தள்ளி நிற்கிறது! மணி வடிவப் பரவல் விதிப்படி, மூன்று விலக்கங்களைத் தாண்டுவதே ஆயிரத்தில் மூன்று முறைதான் நிகழும். கணிப்பொறி திடுக்கிடாமல் என்ன செய்யும்?

பிழை எங்கே? ஒரு வாயுவிலுள்ள மூலக்கூறுகளின் ஒரு திசைவேகம் மணி வடிவில் பரவும். குடும்பச் செலவு அப்படிப் பரவாது. அதற்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம், ஆடியில் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி, தையில் திருமணம். அட்சய திருதியை அன்று ஊரே நகைக்கடைக்குப் போகும். தனி மனிதர் ஒருவரின் பழைய செலவை மட்டும் பார்க்கும் கணிப்பொறிக்கு அன்று நகை வாங்குபவர் எல்லாரும் திருடர்களாகத் தெரிவார்கள். அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துப் பார்க்கப் பழகிய கணிப்பொறிக்கு அது சாதாரண நாளாகத் தெரியும்.

திருடர்களின் வழக்கமும் நம்மைச் சிக்க வைக்கிறது. திருடிய கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அவர்கள் முதலில் ஒரு சிறு தொகையைச் செலவழித்துப் பார்ப்பதுண்டு. பிறகு எளிதில் விற்கக்கூடிய நகையையோ மின் கருவியையோ வாங்குவார்கள். காலையில் பெட்ரோல் போட்டுவிட்டு மதியம் நகை வாங்கும் அண்ணனின் நாளும் தற்செயலாக அதே வடிவில் அமைந்துவிடுகிறது.

இந்தியா தேர்ந்த வழி

நம் நாட்டில் 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவும், 1981இல் ஆந்திரா வங்கியும் கடன் கார்டு வெளியிட்டன. 1987இல் மும்பையில் முதல் ஏ.டி.எம். நிறுவப்பட்டது. கார்டுகள் பரவியபோது ரிசர்வ் வங்கி மேனாடுகளிலிருந்து சற்று மாறுபட்ட வழியில் சென்றது. கணிப்பொறி மௌனமாக ஊகிப்பதைவிட, உரியவரையே கேட்டுவிடுவது மேல் என்பது அந்த வழி. மருத்துவர் கேட்கும் இரண்டாம் சோதனை போன்றது இது.

இணைய வழிக் கார்டுச் செலவுகளுக்குக் கூடுதல் அடையாளச் சோதனை வேண்டும் என்ற விதி 2009 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. அதன் பயனே. எவ்வளவு சிறிய கார்டுச் செலவானாலும் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று 2011இல் ஆணையிடப்பட்டது. கடைகளில் டெபிட் கார்டுக்கு இரகசிய எண் தேவை என்பது 2013 டிசம்பர் 1 முதல் வந்தது.

எனினும் காந்தப் பட்டையின் பலவீனம் மீதமிருந்தது. அதில் எழுதியது மாறாதது. ஒருமுறை படித்தவன் நகல் எடுத்துவிடலாம். 2016 அக்டோபரில் அதன் விளைவை நாடு கண்டது. ஏ.டி.எம். சேவை நடத்திய ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணிப்பொறி அமைப்பில் தீய நிரல் ஒன்று புகுந்திருந்தது. அதனால் சுமார் 32 இலட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் வெளியேறியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. வங்கிகள் சில கார்டுகளை முடக்கின, சிலவற்றுக்கு இரகசிய எண்ணை மாற்றச் சொல்லின. ஸ்டேட் பேங்க் மட்டுமே சுமார் 6 இலட்சம் கார்டுகளை முடக்கிப் புதியவை தந்தது. ஆனால் பணம் போனதாக முறையிட்டவர்கள் 641 பேர், போன தொகை சுமார் 1 கோடியே 30 இலட்சம் ரூபாய் என்று தேசிய கொடுப்பனவுக் கழகம் அப்போது அறிவித்தது.

32 இலட்சத்தை 641ஆல் வகுத்துப் பாருங்கள். பணம் இழந்த ஒருவருக்கு ஏறத்தாழ 5,000 கார்டுகள் சந்தேகத்தின் நிழலில் நின்றன. நாம் மேலே போட்ட கற்பனைக் கணக்கு உண்மையில் நடந்தது இங்கேதான். மூன்று வாரத்திற்குள் நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. புதுக் கார்டுக்குக் காத்திருந்தவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் மாற்றங்கள் விரைந்தன. காந்தப் பட்டை மட்டும் உள்ள கார்டுகளுக்குப் பதிலாகச் சில்லு பொருத்திய கார்டுகளைத் தர 2018 டிசம்பர் 31 கெடுவாக இருந்தது. சில்லு ஒவ்வொரு செலவுக்கும் புதிதாக ஒரு இரகசியக் குறியை உண்டாக்குவதால், நேற்றைய குறி இன்று செல்லாது. 2020 ஜனவரி 15 அன்று வந்த ஆணை, கார்டைத் திறக்கவும் மூடவும் செலவு எல்லை வைக்கவும் உரியவருக்கே வசதி தர வேண்டும் என்றது.

இழப்பு யாருக்கு என்ற பழைய கேள்விக்கு 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி பதில் வகுத்தது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போய், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்தால், அவருக்கு இழப்பு இல்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென வகுத்த விதிகளோ, இரண்டு அடையாளச் சோதனைகளுக்கு மேலாக, இடம், பழக்கம் போன்றவற்றைக் கொண்டும் ஆபத்தை மதிப்பிட வங்கிகளுக்கு வழிவிட்டன. ஆக, கேட்டு அறிதலும் ஊகித்து அறிதலும் இங்கே கைகோத்துவிட்டன.

கணக்கே முடங்கும்போது

2016இல் யு.பி.ஐ. வந்தபின் கவலை வேறு வடிவம் எடுத்தது. இப்போது செலவு செய்பவர் மட்டுமன்றி, பணம் பெறுபவரும் சிக்கலாம். ஏமாற்றிப் பறித்த பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி, கடைசியில் ஒரு தேநீர்க் கடைக்கோ பழக் கடைக்கோ சில நூறு ரூபாயாக வந்து சேருகிறது. பணத்தின் சுவட்டைத் தொடரும் காவல் துறை, வழியிலுள்ள கணக்குகளை நிறுத்தச் சொல்கிறது. வியாபாரிக்கு யார் கொடுத்த பணம் களவுப் பணம் என்று எப்படித் தெரியும்?

2023இல் இத்தகைய முறையீடுகள் கேரள உயர்நீதிமன்றத்திற்கு வந்தன. காவல் துறை குறிப்பிட்ட தொகையை மட்டுமே நிறுத்திவைக்கலாம், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று அது சொன்னது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றமும் ஒரு வழக்கில், தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது பிழைப்பையே பறிக்கும் என்ற கருத்தில், உரிய தொகையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கணக்கை இயங்கவிடச் சொன்னது. சந்தேகம் ஐந்நூறு ரூபாய் மீது என்றால் தண்டனை ஐந்து இலட்சத்தின் மீது விழக் கூடாது என்பதே இவற்றின் சாரம்.

அச்சத்தை முதலாக்குபவர்கள்

'சார், உங்கள் ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆகிவிட்டது' என்று தொடங்கும் தொலைபேசி அழைப்பைக் கேளாதவர் நம்மில் குறைவு. கார்டு முடங்குமோ என்ற அச்சமே திருடனின் முதலாகிவிட்டது. கணிப்பொறியையும் சில்லையும் வெல்ல முடியாதவன், பதறும் மனிதரை வென்று ஓ.டி.பி.யை வாங்கிக்கொள்கிறான். உரியவரையே கேட்பது என்ற நல்ல முறைக்குள் அவன் நுழைந்த வாசல் இது. ஆகவே இந்தக் கவலையை அறிவால் குறைப்பது வெறும் மன ஆறுதலுக்காக அன்று, அதுவே ஒரு பாதுகாப்பு.

செய்யத் தக்கவை சில உண்டு. முடியுமானால் வேறொரு வங்கியில் சிறு கணக்கு ஒன்றும், அவசரத்திற்குக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். பெரிய செலவுக்கு முன் கார்டின் எல்லையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கார்டு நின்றால், அதன் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வந்த அழைப்பை நம்பாதீர்கள். ஓ.டி.பி.யையும் இரகசிய எண்ணையும் வங்கி ஒருபோதும் கேட்காது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். காரணமின்றி முடக்கினால் எழுத்து மூலம் வங்கியிடம் கேளுங்கள். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

அண்ணாச்சியின் சந்தேகத்திற்கும் கணிப்பொறியின் சந்தேகத்திற்கும் உள்ள வேறுபாடு துல்லியத்தில் இல்லை. அண்ணாச்சியிடம் 'ஏன்?' என்று கேட்க முடிந்தது. பொய் எச்சரிக்கையே இல்லாத கருவியை எந்த அறிவியலும் செய்து தர முடியாது என்பதைக் கணக்கு நமக்குக் காட்டிவிட்டது. நிறுத்தப்பட்ட நல்லவர் விரைவில் விடுவிக்கப்பட வேண்டும், ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்கு ஒரு மனிதக் குரல் பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்து தருவது கணிதத்தின் வேலை அன்று. அது வங்கிகளிடமும் சட்டத்திடமும் நாம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை.